இரண்டு தேதிகளுக்கு நடுவில் எத்தனை நாள்? பைத்தானில் தப்பில்லாமல் கழிப்பது எப்படி

பைத்தானில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிப்பது ஒரே ஒரு கழித்தல் குறி வேலை. அதை எழுதிவிட்டு, வந்த எண் ஏன் ஒன்று கூடவோ ஒன்று குறையவோ இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் மீதி நேரம் முழுக்க. இதற்குப் பெரும்பாலும் பைத்தான் காரணமில்லை. நமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யாமல் கோட் எழுத ஆரம்பித்துவிடுகிறோம். காலண்டரில் எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்பது ஒரு கணக்கு, எத்தனை வருடம் எத்தனை மாதம் ஆயிற்று என்பது வேறு கணக்கு, கடிகாரம் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று வழி, ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குப் போட்டால் பத்தில் ஒன்பது தடவை சரியாக வந்துவிட்டு பத்தாவது தடவை காலை வாரும்.

ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் தட்டும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். வேரியபிள் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை, பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

முதலில் எளிய கணக்கு, நாட்கள் மட்டும்

டேட்டைம் மாட்யூலில் இருந்து டேட் என்பதை இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பைத்தானோடு கூடவே வருவது. பிறகு:

தொடக்கம் = டேட்(2024, 1, 15)
முடிவு = டேட்(2024, 3, 10)
வித்தியாசம் = முடிவு - தொடக்கம்
பிரிண்ட்(வித்தியாசம்.டேஸ்)

விடை 55. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் கொடுக்க வேண்டும். மாதத்தை 01 என்று முன்னால் சுழியம் வைத்து எழுதினால் பைத்தான் 3 சின்டாக்ஸ் எரர் கொடுக்கும், வெறும் 1 போதும். கழித்த பிறகு கையில் வருவது வெறும் எண் இல்லை, டைம்டெல்டா என்ற ஆப்ஜெக்ட். அதனால்தான் கடைசியில் டேஸ் என்று கேட்டு எண்ணை வெளியே எடுக்கிறோம். அதை மறந்துவிட்டு நேராக 30-ஐவிடப் பெரிதா என்று இஃப் போட்டுப் பார்த்தால் டைப் எரர்தான் மிச்சம்.

லீப் வருடத்தைப் பற்றி இந்த இடத்தில் நீங்கள் யோசிக்கவே தேவையில்லை. 2024 பிப்ரவரி 28-லிருந்து மார்ச் 1 வரை கழித்தால் 2 வரும், அதையே 2023-க்குப் போட்டால் 1 வரும். உள்ளே என்ன நடக்கிறது என்றால், ஒவ்வொரு தேதியும் ஒரு வரிசை எண்ணாக மாற்றப்படுகிறது: 1-ஆம் வருடம் ஜனவரி 1-க்கு எண் 1, அங்கிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடும். டூஆர்டினல் என்ற மெத்தட் அந்த எண்ணைக் காட்டும். 2024 மார்ச் 10-க்கு 738955, ஜனவரி 15-க்கு 738900, கழித்தால் அதே 55.

இந்த எண்ணைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம், ஒரு முறை செய்து பார்த்தால் லீப் வருட விதி மனதில் ஒட்டிக்கொள்ளும். முந்தைய வருடத்தை எடுத்து 365-ஆல் பெருக்குங்கள், அதே வருடத்தை 4-ஆல் வகுத்து வரும் முழு எண்ணைக் கூட்டுங்கள், 100-ஆல் வகுத்ததைக் கழியுங்கள், 400-ஆல் வகுத்ததைக் கூட்டுங்கள். 1970 ஜனவரி 1-க்குப் போடுவோம்: 1969 × 365 = 718685, அதோடு 492, கழித்தல் 19, கூட்டல் 4, ஆக 719162. ஜனவரி முதல் நாளுக்கு ஒன்று சேர்த்தால் 719163. டூஆர்டினலும் இதையேதான் சொல்லும். நான்கால் வகுபட்டால் லீப், நூறால் வகுபட்டால் இல்லை, நானூறால் வகுபட்டால் மறுபடியும் லீப் என்ற விதி மொத்தமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. 1900 லீப் இல்லை, 2000 லீப், 2100 லீப் இல்லை. மாதத்துக்கு 30 நாள் என்று சொந்தமாக லூப் எழுதி எண்ணிக்கொண்டிருக்கும் கோடை எங்கே பார்த்தாலும் அழித்துவிட்டு இந்தக் கழித்தலைப் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

கடைசி நாள் கணக்கில் சேருமா?

10-ஆம் தேதியிலிருந்து 15-ஆம் தேதி வரை விடுப்பு எடுத்தவர் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை? ஆறு. பைத்தான் சொல்வது? ஐந்து. இரண்டும் சரி. கையில் விரல் ஐந்து, அவற்றுக்கு நடுவே இடைவெளி நான்கு. கழித்தல் எப்போதும் இடைவெளியை எண்ணும், விரலை எண்ணாது. விடுப்பு, நிகழ்ச்சி நடக்கும் நாட்கள், மருந்து சாப்பிட வேண்டிய நாட்கள் மாதிரி இரண்டு முனையும் சேர வேண்டிய கணக்கு என்றால் கழித்து வந்ததோடு 1 கூட்டுங்கள். தங்கும் இரவுகள், தாமதமான நாட்கள், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பது மாதிரியானவற்றுக்குக் கூட்டக் கூடாது.

எது என்று தெரியாமல் "எதற்கும் ஒன்று கூட்டி வைப்போம்" என்று மட்டும் செய்யாதீர்கள். கேட்டவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்: தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் ஒன்றாகவே இருந்தால் விடை 0-ஆ 1-ஆ? அவர் சொல்லும் எண்தான் உங்கள் விதி. அதை கோடுக்கு மேலே ஒரு கமென்ட்டாக எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது வந்து அந்தக் கூட்டல் ஒன்றைப் பிழை என்று நினைத்து எடுத்துவிடாமல் இருப்பார்கள்.

நேரமும் சேர்ந்து வரும்போது

தேதியோடு மணியும் வேண்டுமென்றால் டேட்டுக்குப் பதில் டேட்டைம். கழிப்பது அதே மாதிரிதான், ஆனால் இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, டைம்டெல்டாவில் டேஸ் இருப்பது போல செகண்ட்ஸ் என்று ஒன்றும் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் மொத்த விநாடி என்றுதான் தோன்றும். இல்லை. முழு நாட்களை எடுத்த பிறகு மிச்சமிருக்கும் விநாடி மட்டும்தான் அது, 0-லிருந்து 86399-க்குள்தான் இருக்கும். 2 நாள் 3 மணி நேர வித்தியாசத்தில் செகண்ட்ஸ் கேட்டால் 10800, அதாவது வெறும் அந்த 3 மணி நேரம். மொத்தமும் வேண்டுமானால் டோட்டல் செகண்ட்ஸ் என்ற மெத்தடைக் கூப்பிடுங்கள் (நடுவில் அண்டர்ஸ்கோர், கடைசியில் அடைப்புக்குறி), அது 183600 என்று சொல்லும். மணி நேரமாக வேண்டுமென்றால் அதை 3600-ஆல் வகுத்தால் 51. டெஸ்ட் செய்யும்போது ஒரே நாளுக்குள் இருக்கும் நேரங்களையே போட்டுப் பார்த்தால் செகண்ட்ஸ் சரியாகவே வேலை செய்யும், அதனால்தான் இந்தப் பிழை இவ்வளவு நாள் ஒளிந்திருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி: முன்பின்னாகக் கழித்தால் என்ன வரும்? 10:00 மணியிலிருந்து 10:05-ஐக் கழியுங்கள். மைனஸ் 5 நிமிடம் என்று எதிர்பார்ப்பீர்கள், டேஸில் -1-ம் செகண்ட்ஸில் 86100-ம் இருக்கும். மைனஸ் ஒரு நாள், கூட்டல் 23 மணி 55 நிமிடம். கணக்குப்படி சரிதான், பார்க்கத்தான் பயமாக இருக்கும். எது முதலில் வந்தது என்பது முக்கியமில்லை, இடைவெளி மட்டும் போதும் என்றால் வித்தியாசத்தை ஏபிஎஸ் ஃபங்ஷனுக்குள் போட்டுவிடுங்கள். ஆனால் கடைசித் தேதி தாண்டிவிட்டதா என்று பார்க்கிற இடத்தில் ஏபிஎஸ் போட்டால் தாண்டியதும் தாண்டாததும் ஒன்றாகிவிடும், அங்கே வேண்டாம்.

இரண்டாவது பள்ளம் இதைவிட நுட்பமானது. மார்ச் 1 இரவு 11:50, மார்ச் 2 நள்ளிரவு தாண்டி 12:10. நடுவில் 20 நிமிடம்தான், டேஸ் 0 என்றே சொல்லும். ஆனால் காலண்டரைப் பார்ப்பவருக்கு இது "நேற்று". நேற்று, இன்று, 3 நாள் முன்பு என்று திரையில் காட்ட வேண்டுமானால் இரண்டு டேட்டைமையும் முதலில் டேட் மெத்தடால் வெறும் தேதியாக்கிவிட்டுக் கழியுங்கள், 1 வரும். 24 மணி நேரம் ஓடியதா என்று பார்க்கத்தான் டேட்டைமாகவே கழிக்க வேண்டும். ஒரு பக்கம் டேட்டும் இன்னொரு பக்கம் டேட்டைமும் வைத்துக் கழிக்கப் பார்த்தால் டைப் எரர் வரும். அது நல்லதுதான், சத்தமாகத் தெரிந்துவிடும்.

ஸ்ட்ரிங்காக வரும் தேதிகள்

உண்மையில் தேதி யாரும் அழகாக மூன்று எண்ணாகப் பிரித்துக் கொடுப்பதில்லை, ஃபைலிலிருந்தோ ஃபார்மிலிருந்தோ ஸ்ட்ரிங்காகத்தான் வரும். 2024-03-10 மாதிரி வருடம் முதலில் வருகிற ஐஎஸ்ஓ வடிவம் என்றால் டேட்டின் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மேட் போதும். மற்ற வடிவங்களுக்கு டேட்டைமின் ஸ்ட்ரிப்டைம். அதற்கு எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று சதவீதக் குறி போட்டுச் சொல்ல வேண்டும்: சின்ன டி நாள், சின்ன எம் மாதம், பெரிய ஒய் நான்கு இலக்க வருடம்.

சின்ன எம்முக்குப் பதில் கை தவறிப் பெரிய எம் போட்டால் அது நிமிடம். 25/12/2024 என்பதை அப்படிப் படித்தால் எந்த எரரும் வராது. மாதம் கொடுக்கப்படாததால் ஜனவரி என்று எடுத்துக்கொண்டு, 2024 ஜனவரி 25, நள்ளிரவு 12 தாண்டி 12 நிமிடம் என்று அமைதியாகக் கொடுத்துவிடும். கழித்த விடை பதினோரு மாதம் தள்ளிப் போயிருக்கும். சின்ன ஒய் என்பது இரண்டு இலக்க வருடம். அதில் 69 முதல் 99 வரை 1900-களாகவும், 00 முதல் 68 வரை 2000-களாகவும் எடுத்துக்கொள்ளப்படும். பிறந்த வருடம் 65 என்று வந்தால் அது 2065 ஆகி, வயது மைனஸில் போகும். இரண்டு இலக்க வருடம் கொண்ட பிறந்த தேதி வந்தால், வருங்காலத் தேதியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 100 வருடம் பின்னால் தள்ளுங்கள். அதைவிட நல்லது, கொடுப்பவரிடமே நான்கு இலக்கம் கேட்பது.

03/04/2024 மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்பதற்கு எந்த லைப்ரரியாலும் பதில் சொல்ல முடியாது. தானாகக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லும் பார்சர்கள் ஊகிக்கத்தான் செய்கின்றன. ஃபைலில் எங்காவது 12-க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள், அதுதான் நாள் இருக்கும் இடம்.

வருடம், மாதம்: இங்கேதான் சண்டை

டைம்டெல்டாவுக்கு மாதமும் தெரியாது, வருடமும் தெரியாது. வாரத்துக்கு மேல் பெரிய அலகு அதில் கிடையாது, மன்த்ஸ் என்று கொடுத்துப் பார்த்தால் எரர்தான். காரணம் எளிது, மாதம் என்பது 28-லிருந்து 31 வரை எத்தனை நாளாகவும் இருக்கலாம், ஆகவே 45 நாள் என்பது எத்தனை மாதம் என்று எந்த மாதத்தில் தொடங்கியது என்று தெரியாமல் சொல்ல முடியாது.

வயது கணக்கிட நாட்களை 365-ஆல் வகுப்பது ஏராளமான கோடில் இருக்கிறது. 2000 மார்ச் 1-ல் பிறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி 29 அன்று அவருக்கு 23 வயதுதான், பிறந்த நாள் மறுநாள். ஆனால் நடுவில் 8765 நாள் ஓடியிருக்கிறது, 365-ஆல் வகுத்தால் 24-ஐத் தாண்டிவிடும். பிப்ரவரி 24-லிருந்தே அவருக்கு 24 வயது என்று உங்கள் புரோகிராம் சொல்லிக்கொண்டிருக்கும். சரி, 365.25 போட்டால்? 2001 மார்ச் 1-ல் பிறந்த குழந்தையின் முதல் பிறந்த நாளில் 365 நாள்தான் ஆகியிருக்கும், வகுத்து முழு எண்ணாக்கினால் 0. முதல் பிறந்த நாள் அன்றே தப்பு. 400 வருடத்தில் 146097 நாள், ஆக சராசரி 365.2425 என்று துல்லியமாகப் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் பிறந்த நாள் சராசரியில் வருவதில்லை.

சரியான வழி வகுத்தலே இல்லாதது. இன்றைய வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழியுங்கள். இந்த வருடப் பிறந்த நாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்று குறையுங்கள். பைத்தானில் இதை ஒரே வரியில் எழுதலாம்:

வயது = இன்று.இயர் - பிறப்பு.இயர் - ((இன்று.மன்த், இன்று.டே) < (பிறப்பு.மன்த், பிறப்பு.டே))

அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு டியூப்பிள்களையும் முதலில் மாதம், அது சமமானால் நாள் என்று பைத்தான் ஒப்பிடும். உண்மை என்றால் ட்ரூ, ட்ரூ என்பது கணக்கில் 1, அது கழிபடும். எனக்கு பைத்தானில் பிடித்த வரிகளில் இது ஒன்று. பிறந்த தேதியின் வருடத்தை மட்டும் ரீப்ளேஸ் மெத்தடால் மாற்றி ஒப்பிடும் வழியும் இணையத்தில் நிறையக் கிடைக்கும், அது பிப்ரவரி 29-ல் பிறந்தவருக்கு லீப் அல்லாத வருடத்தில் வேல்யூ எரர் கொடுத்து நின்றுவிடும்.

பிப்ரவரி 29-ல் பிறந்தவருக்கு மற்ற வருடங்களில் வயது எப்போது கூடும்? மேலே உள்ள வரி மார்ச் 1 என்று சொல்லும். டேட்யூட்டில் லைப்ரரியின் ரிலேட்டிவ்டெல்டா பிப்ரவரி 28 அன்றே கூட்டிவிடும். எது சரி என்பது கணிதம் இல்லை, நீங்கள் எழுதும் புரோகிராம் எந்த விதிக்குக் கட்டுப்பட்டதோ அது முடிவு செய்ய வேண்டியது.

இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் அந்த ரிலேட்டிவ்டெல்டாதான் வழி, அதைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும், பைத்தான் லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யும் பிப்பில் அதன் பெயர் பைத்தான்-டேட்யூட்டில். அதற்குள் முடிவுத் தேதியை முதலிலும் தொடக்கத் தேதியை இரண்டாவதாகவும் கொடுத்தால் இயர்ஸ், மன்த்ஸ், டேஸ் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். இங்கே டேஸ் என்பது மிச்ச நாள்தான், மொத்த நாள் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாதக் கணக்கு எவ்வளவு வழுக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 2023 ஜனவரி 28, 29, 30, 31 இந்த நான்கில் எதிலிருந்து தொடங்கினாலும் பிப்ரவரி 28 வரை ரிலேட்டிவ்டெல்டா சொல்வது சரியாக 1 மாதம். ஜனவரி 31-க்கு ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 31 என்று ஒன்று இல்லாததால் 28-ல் நிறுத்திக்கொள்கிறது, அதனால் வரும் விளைவு. அதே ஜனவரி 31, பிப்ரவரி 28-ஐ ஜாவாவின் பீரியட் கிளாஸிடம் கொடுத்தால் 28 நாள் என்று சொல்லும், மாதம் 0. இரண்டும் பிரபலமான, நன்றாகச் சோதிக்கப்பட்ட லைப்ரரிகள், இரண்டும் அவரவர் விதிப்படி சரி. ஆகவே சந்தா, தவணை, ஒப்பந்தம் மாதிரி பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் மாதக் கடைசித் தேதியில் என்ன செய்ய வேண்டும் என்பதை லைப்ரரியிடம் விட்டுவிடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டைம் ஜோன், வருடத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் பிழை

கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் வழக்கம் இல்லாத இடத்தில் இருந்து எழுதுகிறவர்கள் ஒரு நாளுக்கு எப்போதும் 24 மணி நேரம் என்றே நம்பிவிடுகிறோம். நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் நேராக 3-க்குத் தாவியது. அதனால் மார்ச் 9 நண்பகலிலிருந்து மார்ச் 10 நண்பகல் வரை உண்மையில் ஓடியது 23 மணி நேரம்.

சரி, பைத்தான் 3.9-லிருந்து கூடவே வரும் ஜோன்இன்ஃபோ மாட்யூலைப் பயன்படுத்தி இரண்டு டேட்டைமுக்கும் நியூயார்க் ஜோனைக் கொடுத்துக் கழித்தால் 23 வரும்தானே? வராது. 24 வரும். இரண்டு பக்கமும் ஒரே ஜோன் ஆப்ஜெக்ட் இருந்தால் பைத்தான் ஜோனைக் கண்டுகொள்ளாமல் கடிகார முகப்பில் தெரியும் நேரத்தை மட்டும் கழிக்கும். இது பிழை இல்லை, ஆவணத்திலேயே எழுதியிருக்கிற நடத்தை. ஆனால் ஜோன் போட்டுவிட்டோம், இனி கவலையில்லை என்று நிம்மதியாக இருப்பவர்களை நேராகக் குழியில் தள்ளும் நடத்தை. ஓடிய நேரம் வேண்டுமானால் இரண்டையும் ஆஸ்டைம்ஜோன் மெத்தடால் யூடிசிக்கு (கடிகார மாற்றமே இல்லாத உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். 17:00 யூடிசி, மறுநாள் 16:00 யூடிசி, வித்தியாசம் 23 மணி நேரம்.

ஒன்றில் ஜோன் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் டைப் எரர். ஜோன் இல்லாததற்கு ஏதோ ஒன்றை ஒட்டவைத்து எரரை மட்டும் போக்கிவிடாதீர்கள், அந்த நேரம் எந்த ஊர்க் கடிகாரத்தில் எடுக்கப்பட்டது என்று தேடிப் பிடித்த பிறகு ஒட்டுங்கள்.

இன்றைய தேதி என்பதும் இதே சிக்கல்தான். டேட்.டுடே உங்கள் லேப்டாப்பில் உங்கள் ஊர்த் தேதியைத் தரும், யூடிசியில் ஓடும் சர்வரில் யூடிசி தேதியைத் தரும், தினமும் சில மணி நேரம் இரண்டும் வேறு வேறு. இன்னும் எத்தனை நாள் என்று பயனருக்குக் காட்டுகிறீர்கள் என்றால், டேட்டைம்.நவ் ஃபங்ஷனுக்குள் அவருடைய ஜோனைக் கொடுத்து, அதிலிருந்து டேட்டை எடுங்கள். யூடிசிநவ் என்ற பழைய ஃபங்ஷனை விட்டுவிடுங்கள், அது ஜோனே ஒட்டாத நேரத்தைத் தரும், பைத்தான் 3.12-லிருந்து கைவிடப்பட்டவை பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஒரு ஃபங்ஷன் ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பதற்கு டேட்டைம் கழித்தலே வேண்டாம், டைம் மாட்யூலின் பெர்ஃப் கவுன்ட்டர் இருக்கிறது. நடுவில் சிஸ்டம் கடிகாரம் திருத்தப்பட்டாலும் அது அசையாது.

வேலை நாட்கள், பெரிய ஃபைல்கள்

சனி ஞாயிறு நீக்கி எண்ண, எண் கணக்குகளுக்கான நம்பை லைப்ரரியின் பஸ்டே கவுன்ட் இருக்கிறது. தொடக்கத் தேதியைச் சேர்க்கும், முடிவுத் தேதியைச் சேர்க்காது, ஆகவே கடைசி நாளும் வேண்டுமென்றால் முடிவுத் தேதியோடு ஒரு நாள் கூட்டிக் கொடுங்கள், விடையோடு ஒன்று கூட்டாதீர்கள், ஏனென்றால் அந்தக் கடைசி நாள் ஞாயிறாக இருந்தால் தப்பாகிவிடும். வார விடுமுறை வேறு நாட்கள் என்றால் வீக்மாஸ்க், பண்டிகை விடுமுறைகளுக்கு ஹாலிடேஸ் என்று தனித்தனி ஆர்கியுமென்ட். விடுமுறைப் பட்டியலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியில் ஒரு நெடுவரிசையிலிருந்து இன்னொன்றைக் கழிப்பதற்கு லூப் வேண்டாம். டூ டேட்டைம் ஃபங்ஷனில் ஃபார்மேட்டைக் கொடுத்து இரண்டையும் மாற்றிவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து, டிடி.டேஸ் என்று கேட்டால் நெடுவரிசை முழுவதற்கும் விடை வந்துவிடும். எரர்ஸ் என்பதற்கு கோயர்ஸ் கொடுத்தால் படிக்க முடியாத தேதிகள் வெற்றாக மாறும், எத்தனை வெற்றாகின என்று உடனே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு மொழிக்குப் போகும்போது

ஜாவாஸ்கிரிப்டில் கழித்தால் மில்லிசெகண்ட் வரும், அதை 86400000-ஆல் வகுக்க வேண்டும். மாதம் அங்கே 0-லிருந்து தொடங்குகிறது. 2024, 1, 30 என்று கொடுத்தால் ஜனவரி 30 இல்லை, பிப்ரவரி 30. அப்படி ஒரு நாள் இல்லாததால் எரர் இல்லாமல் மார்ச் 1-க்கு உருண்டுவிடும். மேலே சொன்ன 23 மணி நேர நாளில் வகுத்தால் 0.958 வரும், ஃப்ளோர் போட்டுக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் 0 நாள். நாட்களை மட்டும் எண்ணுவதென்றால் டேட்.யூடிசி வைத்து இரண்டையும் உருவாக்கிக் கழியுங்கள்.

ஜாவாவில் மொத்த நாட்களுக்கு குரோனோயூனிட்டின் டேஸ்.பிட்வீன். பீரியடில் கெட்டேஸ் கேட்டால் மிச்ச நாள்தான் வரும். பிஎச்பியிலும் இதே போல டிஃப் கொடுக்கும் ஆப்ஜெக்டில் டேஸ் என்பது மொத்தம், வெறும் டி என்பது மிச்சம்.

டேட்டாபேஸில் கவனம். மைஎஸ்கியூஎல்லின் டேட்டிஃப் முடிவுத் தேதியை முதலில் கேட்கும்; எஸ்கியூஎல் சர்வரின் அதே பெயர் ஃபங்ஷன் அலகு, தொடக்கம், முடிவு என்று கேட்கும். பின்னது ஓடிய காலத்தை எண்ணுவதில்லை, தாண்டிய எல்லைகளை எண்ணுகிறது: 2023 டிசம்பர் 31-லிருந்து 2024 ஜனவரி 1-க்கு வருடம் என்று கேட்டால் 1. அதில் வயது கணக்கிட்டு வைத்திருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள். எக்செல்லில் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாள் இருக்கிறது, லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஸ்ப்ரெட்ஷீட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்று வைத்தது. 1900 மார்ச்சுக்கு முன்னால் தொடங்கும் கணக்குகள் ஒரு நாள் பிசகும்.

இன்னும் பழைய தேதிகளோடு வேலை செய்பவர்களுக்கு: பைத்தான் இன்றைய கிரிகோரியன் காலண்டரையே 1-ஆம் வருடம் வரை பின்னோக்கி நீட்டுகிறது. காலண்டரை முதலில் மாற்றிய நாடுகளில் 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15, பைத்தானிடம் கேட்டால் நடுவில் 11 நாள் என்று சொல்லும்.

எழுதி முடித்த பிறகு இந்த ஜோடிகளைப் போட்டுப் பாருங்கள்: ஒரே தேதி இரண்டு பக்கமும், முன்பின்னாக மாற்றிப் போட்டது, டிசம்பர் 31-ம் ஜனவரி 1-ம், 2023-லும் 2024-லும் பிப்ரவரி 28-லிருந்து மார்ச் 1, ஜனவரி 31-லிருந்து பிப்ரவரி கடைசி, நேரம் இருந்தால் நியூயார்க் மார்ச் 10. கூடவே 2100 பிப்ரவரி 28-லிருந்து மார்ச் 1. இதற்கு 2 என்று வந்தால் எங்கோ ஒரு மூலையில் யாரோ நான்கால் மட்டும் வகுத்து லீப் வருடம் பார்த்திருக்கிறார்கள்.